பத்துக் கிலோவுக்குக் கீழே

எடைப்பாலத்தில் எனக்கு இது பதினெட்டாவது வருஷம்.
பகாவ் டவுனிலிருந்து ஆறு கல் தள்ளி,
செம்பனை ஆலையின் வாசலில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு காற்றாடி, நான்.

குலை ஏற்றி வரும் லாரியை ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுதடவை.
கழித்தால் வருவதுதான் கணக்கு.
காலி லாரியே எட்டு டன் இருக்கும் என்பதை
ஆரம்பத்தில் நான் நம்பவில்லை.

மாதாமாதம் சம்பளச் சீட்டில்
நூற்றெண்பது வெள்ளி பிடித்தம்.
தனபாக்கியம் வாங்கிய கடன், என் கையெழுத்து.
அவள் ஜொகூர்ப் பக்கம் போய்
நம்பரை மாற்றிக்கொண்டாள்.
எண்பத்து நான்கு தவணை.
தவணை தவறாமல் நானும் திட்டினேன்:
அவள் கண்ணை, அவள் தின்னும் சோற்றை,
இன்னும் பிறக்காத அவள் பேரப்பிள்ளைகளை.

ஒரு வருஷம் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தேன்.
நாற்பத்தெட்டு நாள் மரக்கறி, வெறும் பாய், பச்சைத் தண்ணீர்க் குளியல்.
படியேறும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.
முருகா, இதோடு தீர்ந்தது என்றேன்.
ஐம்பதாம் நாள் சம்பளச் சீட்டு வந்தது.
அதே வாய்.
விரதத்தில் ஓய்வெடுத்துக்கொண்டு
முன்னைவிடத் தெம்பாக.

முருகன்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல்.
இரண்டாவதுதான் ரொம்ப நாள் தங்கிற்று.

இந்தப் பாலத்துக்கு ஒரு குணம் உண்டு.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே கண் தெரியாது.
மைனா வந்து உட்காரும், எண் அசையாது.
அஸ்மி தலைக்கவசத்தை வைத்துவிட்டுப் போவான், அசையாது.
மழைநாளில் ஒவ்வொரு சக்கரமும்
கொஞ்சம் சேற்றை விட்டுப் போகும்,
பூஜ்யம், பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.
பிறகு ஒரு சாயங்காலம்
ஈ காக்கை இல்லாத பாலத்தில்
திடீரென்று பத்து.

காலையில் வந்ததும் கழுவிவிட்டுப்
பூஜ்யப் பொத்தானை அழுத்த வேண்டும்.
மூன்று வருஷமாக, அழுத்தும்போது
அவள் பெயரைச் சொல்கிறேன்.
பெயரை மட்டும், பின்னால் எதையும் ஒட்டாமல்.
முதல் மாதங்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.
சில நாள் நாக்கு தானாக ஒன்றைச் சேர்த்துவிடும்.
மறுபடி அழுத்துவேன்.
பொத்தானுக்கு என்ன, அலுப்பா சலிப்பா.

போன வெள்ளிக்கிழமை சம்பளம்.
சீட்டை மடித்துப் பையில் போட்டேன்,
ஆ கியோங் கடையில் கோப்பி குடித்தேன்,
கெம்போங் மீன் அரைக் கிலோ, பஸ்.
ராத்திரி சட்டி கழுவும்போதுதான் உறைத்தது:
இன்றைக்கு அவளைத் திட்டவில்லை.
அடக்கவில்லை. மறந்துபோயிருக்கிறேன்.

குழாயை மூடாமல் சற்று நின்றேன்.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
சொல்ல என்ன இருக்கிறது?
மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை
சேர்த்துவைத்துத் திட்டினேன்.
ஆனால் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டேன்.

இன்னும் இருபத்து மூன்று தவணை.
வாசலில் லாரி ஹாரன் அடிக்கிறது.
ஏறி நில் என்று கை காட்டுகிறேன்.
எண் மேலே ஓடும், கீழே ஓடும்,
ஒரு தீர்மானத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.
அதுவரை அச்சுப் பொத்தானைத் தொடக் கூடாது.
டிரைவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறான்.
இருப்பா.
ஆடிக்கொண்டிருக்கிறது.