உறைமோர்

மெட்ரோ வாட்டரில் வேலை என்றால்
உடனே கேட்பார்கள்:
எங்க தெருவுக்கு லாரி எப்போ வரும்?
தண்ணீர் வருகிற பக்கம் இல்லை நான்,
போகிற பக்கம் என்பேன்.
பேச்சு அங்கே நின்றுவிடும்.

நெசப்பாக்கம். இரவு ஷிப்ட்.
கம்பிச் சல்லடையில் இன்று சிக்கியவை:
ஷாம்பு பாக்கெட்டுகள், நாப்கின்,
ஒரு பள்ளிக்கூட டை, கறிவேப்பிலை எப்போதும்போல.
தேசப்பன் வாரியால் வழித்துப் போடுகிறார்.
மணல் தொட்டியின் ஓரத்தில்
மஞ்சள் மாறாத நாலைந்து அரிசி.
"வடபழனியில நல்ல முகூர்த்தம் போல, மேடம்."

ஊர் விழிப்பதை மீட்டர் முள்ளில் பார்ப்பவள் நான்.
ஐந்தரைக்கு கே.கே. நகர் பல் தேய்த்தால்
ஏழேகாலுக்கு இங்கே முள் எழும்.
தீபாவளியன்று
நல்லெண்ணெயும் சீயக்காயுமாக வந்து சேரும் நகரம்;
அன்று நுரையின் நிறமே வேறு.

இத்தனையையும் தின்ன
எனக்குக் கோடிக்கணக்கில் ஆள் உண்டு.
சம்பளப் பட்டியலில் இல்லாத ஆள்.
காற்று போதும் அவற்றுக்கு.
நுண்ணோக்கியில், மெல்லிய காம்பின் நுனியில்
மணி மாதிரி ஒன்று
சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும்.
அது இருந்தால் தண்ணீர் தேறிவிடும்.
நான் படித்த புத்தகத்தில் அதற்கு லத்தீன் பெயர்.
தேசப்பன் வைத்த பெயர் ஜிமிக்கி.

மாசியில் ஒரு வெள்ளி, பின்னிரவில்
யாரோ ஒருவன்
எங்கோ ஒரு மேன்ஹோலில்
டேங்கர் வால்வைத் திறந்துவிட்டுப் போனான்.
நாலு மணிக்கு வந்தது, கத்திரிப்பூ நிறத்தில்.
பி.எச். மூன்று.
நம்பாமல் காகிதத்தை மாற்றிப் பார்த்தேன்.
மூன்றுதான்.
விடிந்தபோது தொட்டியெங்கும் சாம்பல் நுரை.
அளவு ஜாடியில் எதுவும் படியவில்லை.
நுண்ணோக்கியில் காம்புகள் மட்டும்,
மணி உதிர்ந்த காம்புகள்.

புகார்ப் படிவத்தில்
லாரி எண் என்ற கட்டம் காலி.
இன்னும் காலிதான்.

தொட்டி திரும்பும் வரை பன்னிரண்டு நாள்.
அந்த நாட்களில் அடையாற்றுக்கு
நாங்கள் அனுப்பியதைப் பற்றி
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.
மூன்று பவளக்கால் உள்ளான்கள்
வழக்கமான இடத்தில் இறங்கின,
கால் நனைத்தன,
உடனே எழும்பின.
சாட்சி அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் கோயம்பேட்டுக்குப் போன் போட்டேன்.
அங்கே பர்வீன் ஷிப்ட்.
கேட்கக் கூச்சம். பக்கத்து வீட்டில்
கிண்ணத்தை நீட்டி உறைமோர் கேட்கிற கூச்சம்.
"எவ்வளவு வேணும்?"
"ஆறு லாரி."
சிரித்தாள்.
"திருப்பித் தரணும், ஆமா."

ஆறு லாரி பழுப்புச் சேறு.
கூவத்துப் பக்க வீடுகளைத் தின்று வளர்ந்தது
அடையாற்றுப் பக்கத் தொட்டியில் இறங்கியது.
தேசப்பன் வீட்டிலிருந்து
இரண்டு கிலோ வெல்லம் கொண்டுவந்து
நுணுக்கித் தூவினார்.
நாற்பது லட்சம் லிட்டருக்கு இரண்டு கிலோ.
கணக்கு தெரியாதவர் இல்லை அவர்.

ஏழாம் இரவு கரண்ட் போனது.
காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்க
ஜெனரேட்டர் உறுமும்வரை எண்ணினேன்.
எண்ணிக்கை நினைவில்லை.
கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்ததில்
உள்ளங்கையில் துரு.

பன்னிரண்டாம் நாள்
ஜாடியில் அரை மணிக்குள் பாதி படிந்தது.
மேலே தெளிவு,
தோய்ந்த தயிரின் மேல் நிற்கிற நீர் மாதிரி.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து
தேசப்பனைக் கூப்பிட்டேன்.
ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார்.
"ஒரு காதுக்கு வந்திருக்கு, மேடம்."

இன்று நாங்கள் விடுகிற நீர்
ஆற்றோரமாக இருநூறு அடி தனியே ஓடுகிறது.
அதன்பின் ஒரு மழைநீர் வடிகால் வந்து கலக்கிறது.
பெயர்தான் மழைநீர்;
மழை பெய்து நாலு மாதம்.
உள்ளான்களுக்கு அந்த எல்லை தெரியும்.
இருநூறு அடிக்குள்ளேயே
நடக்கின்றன, கொத்துகின்றன, திரும்புகின்றன.

பர்வீனுக்கு
ஆறு லாரி பாக்கி.