இருப்பு இருபத்திரண்டு

பூப்பாறையில் இடவப்பாதி இறங்கிவிட்டால்
தீக்குச்சி பற்றாது. உப்பு அழும்.
துவைத்த சேலை நான்காம் நாளும்
தவளை மாதிரி சில்லிட்டுக் கிடக்கும்.
இந்த ஊரில்தான் தோட்டாவை
ஈரம் படாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

வைத்திருக்கிறேன்.

துப்பாக்கி அவர் பேரில்.
ஏலச்செடியைப் பன்றி கிளறுகிறது என்று
வாங்கிய இரட்டைக்குழல்.
லைசென்ஸில் மொக்கராசு, தகப்பன் பெயர் சன்னாசி,
போட்டோவில் மீசை முழுக்கக் கறுப்பு.
தோட்டா என் பேரில் இல்லை,
என் பொறுப்பில்.

முதலில் வாங்கியவை காகிதத் தோட்டா.
ஒரே மழைக்கு ஊதிப்போய்
முறுக்கிக்கொண்ட சம்பந்தி போலக்
குழல் வாசலிலேயே நின்றுவிட்டன.
பிறகு வந்தவை சிவப்பு பிளாஸ்டிக்.
அதற்கும் அடியில் பித்தளை,
பித்தளைக்குப் பச்சைக் களிம்பு.
எண்ணெய்த் துணியால் துடைக்கக் கூடாது,
எண்ணெய் உள்ளே இறங்கினால் பொறி செத்துவிடும்.
காய்ந்த வேட்டித் துணி போதும்.
பரண் ஆகாது, பங்குனியில் தகரம் கொதிக்கும்.
ஏலக்காய் ஸ்டோர் பக்கம் ஆகவே ஆகாது,
விடிய விடிய அங்கே அடுப்பு எரியும்.
ரப்பர் வாய் வைத்த இரும்புப் பெட்டி,
உள்ளே
கிஷோரின் ஷூ டப்பாக்களில் சேர்த்த
'தின்னாதே' என்று எழுதிய குட்டிப் பொட்டலங்கள்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்:
வாங்கியது இருபத்தைந்து.
பன்றிக்கு இரண்டு, இரண்டும் மண்ணுக்கு.
ஆனையை விரட்ட ஆகாயத்துக்கு ஒன்று.
இருப்பு இருபத்திரண்டு.

தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைக்கப் போனால்
ஸ்டேஷன் ரைட்டர் சஜிமோன்
தலை நிமிராமல் கேட்பார்:
"உண்ட எத்ர உண்டு?"
உண்டது எவ்வளவு என்று கேட்பதுபோல் இருக்கும் எனக்கு.
சிரிப்பேன்.
"சேச்சி எந்தினா சிரிக்குந்நே?"
ஒன்றுமில்லை சாரே. இருபத்திரண்டு.

அந்த வருஷம் அழுகல் நோய் வந்து
தட்டை தட்டையாகச் சாய்ந்தது.
விலையும் சாய்ந்தது.
சொசைட்டியிலிருந்து மூன்றாவது கடிதம்.
அவர் சாப்பிட உட்கார்ந்து
சோற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆடியில் ஒரு ராத்திரி
எழுப்பினார்.
"பன்னி வந்திருக்கு. பெட்டிச் சாவியக் குடு."

காதைத் தீட்டிக் கேட்டேன்.
மழை.
மழைக்கு அடியிலும் மழை.
நாய் படியில் சுருண்டு
குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"சாவி போடியில, அக்கா வீட்டுல
மறந்து வச்சிட்டு வந்துட்டேன்" என்றேன்.
இடுப்பு முடிச்சில் அது
என் சதையை அழுத்திக்கொண்டிருந்தது.

நின்றார்.
எவ்வளவு நேரம் என்று அந்த நோட்டில் எழுதவில்லை.
அடுப்பை மூட்டினேன். ஏழு குச்சி வீணாய்ப் போனது.
கட்டன் சாயா போட்டு
டம்ளரை அவர் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடினேன்.
குடித்தார்.

மறுநாள் தேனி பஸ்ஸில்
இருவருமாக ஏறினோம்.
டாக்டரின் சீட்டை நாலாய் மடித்து
அவர் சட்டைப் பையில் நானே வைத்தேன்.
திரும்பும் வழியில் போடியில் இறங்கி
முந்தின ராத்திரிப் பொய்யை
மெய்யாக்கிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து
குழல் ஓர் அறையில், பெட்டி ஓர் அறையில்,
சாவி பதினேழு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே.
பன்றி வந்தால் தகரம் தட்டுகிறோம்.
பன்றிக்குத் தகரம் பழகிவிட்டது,
கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போகிறது.
போகட்டும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை
சாவியை மேலே கொண்டுவருவேன்.
பகலில். வெயிலில். இருவரும் உட்கார்ந்து.
அவர் எண்ணுவார், நான் துடைப்பேன்.

இந்த வைகாசியில்
பத்தொன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு
கேட்டார்:
"அன்னைக்கு நெசமாவே சாவி
போடியிலயா இருந்துச்சு?"

தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் மூணு இருக்கு," என்றேன்.
"எண்ணுங்க. மழைக்கு முன்ன
பெட்டிய மூடணும்."