இதரச் செலவுகள்

துறை மாற்றக் கோரும் விண்ணப்பத்தில்
காரணம் எழுத ஒன்றரை அங்குலக் கோடு.
பேனா அதன் மேல் நின்றுகொண்டே இருந்தது.
"சீக்கிரம்மா, டீ ஆறுது" என்றார் கன்னியப்பன் சார்.
சொந்தக் காரணம் என்று எழுதினேன்.
கோட்டில் இன்னும் இடம் மிச்சம்.

கணக்குப் பதிவியல் பிடிக்காமல் இல்லை.
மூன்றாம் செமஸ்டரில் எழுபத்தொன்று வாங்கியவள்.
வரவும் பற்றும் ஒத்துப்போகும் இரவு பதினொரு மணிக்கு
ஒரு சின்ன சந்தோஷம் வரும்,
எல்லோரும் படுத்த பிறகு
அடுப்பு மேடையைத் துடைத்து முடித்த மாதிரி.
எங்கும் சேராத தொகைக்கும் வழி இருந்தது:
இதரச் செலவுகள்.
பெயரில்லாதது எல்லாம் அந்த வரியில் போய் உட்காரும்.
சின்னத் தொகை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
எர்ணாவூரில் எங்கள் தெரு
கண் எரிந்து எழுந்தது.
காஸ், காஸ் என்றார்கள்.
ஈரத் துண்டு. தம்பியின் ஒற்றைச் செருப்பு.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதவு.
திருவொற்றியூர் வரை நடந்தோம்
எதனிடமிருந்து ஓடுகிறோம் என்றே தெரியாமல்.
காலையில் ஒரு வெள்ளைச் சட்டை மைக்கில் சொன்னது:
அளவு வரம்புக்குள்தான்.
எதன் அளவு?
எங்களிடம் இருந்தது நாலே சொல்:
காஸ், நெடி, நாத்தம், கருமம்.
நாலும் இதரம்.

அப்பாவிடம் சொன்னபோது
அவர் டிரெய்லர் துறைமுக வரிசையில்
ஒன்பது மணி நேரமாக நின்றிருந்தது.
"மறுபடி முதல் வருஷமா?"
"ஆமாப்பா."
"போன ரெண்டு வருஷம் எத்தன டிரிப்புன்னு தெரியுமா?"
தெரியும். போட்டு வைத்திருந்தேன்.
"நூத்திப் பதினாறு."
எண்ணைக் கேட்டதும் அவரிடம் பேச்சில்லை.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
"வைக்கறேன், வண்டி நகருது."

கொருக்குப்பேட்டையில் தண்டவாளம் பிரிவதை
இந்த இடத்தில் எழுத ஆசைதான்.
ஆனால் அன்றைக்கு ரயில் எந்தப் பக்கமும் போகவில்லை,
சிக்னலுக்காக நாற்பது நிமிஷம் நின்றது.
பக்கத்தில் முபீனா
அடக்க விலைக் கணக்கியல் புத்தகத்தை மடியில் வைத்து
என்னைப் பார்க்காமல் பட்டாணி தின்றாள்.
தண்டையார்பேட்டையில் இறங்கும்போது
பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.
அவள் அவ்வளவாகத் தின்றிருக்கவில்லை.

வருகைப் பதிவேட்டில்
அச்சடித்த ஐம்பத்திரண்டு பெயர்களுக்குக் கீழே
நீல மையில் ஜெனிலா.
பிளஸ் டூவில் எங்கள் ஆய்வகம் பூட்டியே கிடந்தது.
பிப்பெட் பிடிக்கச் சொல்லித் தருகிற
பதினேழு வயதுக்காரிக்கும் நான் அக்கா.
"அப்டி இல்லக்கா, விரல லூசா வைங்க."

உப்புப் பகுப்பாய்வு.
குழாயை மூக்கருகே கொண்டுபோகாதே,
கையால் காற்றை அள்ளி உன் பக்கம் தள்ளு.
தள்ளினேன்.
என் கால்
தானாக வாசல் பக்கம் திரும்பியது.

கண்ணாடிக் குச்சியை அமிலத்தில் நனைத்துக் காட்டினால்
வெண்புகை வரும்.
அதைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.
நான் முன்பே எழுதிவிட்டேன்:
அம்மோனியா.
மேடம் சிவப்பில் அடித்தார், படிகள் இல்லை என்று.
நியாயம்தான்.
அடித்த கோட்டுக்கு அடியிலும்
பெயர் தெளிவாகத் தெரிந்தது.

இப்போதெல்லாம் மணலிப் பக்கம் திரும்பும்போது
அப்பா போன் போடுகிறார்.
"இன்னிக்கு என்னம்மா நாத்தம்?"
பாதி கிண்டல்.
"எப்டி இருக்கு?"
"அழுகின முட்ட."
"ஹைட்ரஜன் சல்ஃபைடா இருக்கலாம்."
"இருக்கலாமா? ரெண்டு வருஷத்த வுட்டுட்டுப் போயி, இருக்கலாமா?"
"டெஸ்ட் பண்ணாம சொல்லக் கூடாதுப்பா."
கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும் பேசுகிறது.
"சரி" என்கிறார்.
கண்ணாடி ஏறும் சத்தம்.