சவர்க்காரக் குழி

ஃபரீனா வீட்டை இடித்தபோதுதான்
எங்களுக்கும் ஒரு மேற்குத் திசை இருப்பது தெரிந்தது.
இருபத்திரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
இப்போது அதன் மறுபக்கம்
துறைமுகக் கிரேன்கள், அவற்றின் இடுக்கில் வெயில்.

கொட்டாஞ்சேனையில் சித்திரை மாதத்துப் பகல் மூன்று மணி
செங்கல்லுக்குள் நுழைந்து
மெல்ல மெல்ல நடந்து
இரவு ஒன்பதரைக்குக் கட்டிலுக்கு வந்து சேரும்.
ஃபான் அதையே அள்ளி
முகத்தில் ஊற்றும்.

திரைச்சீலை போட்டோம். தடித்தது, கடும் பச்சை.
ஆள் உள்ளே வந்து குந்திய பிறகு
கதவைச் சாத்தியது போல.
குகதாசன் கட்டிலை ஓரடி இழுத்தார்,
மறுவாரம் இன்னோரடி.
கரண்ட் பில் வந்த நாளிலிருந்து
ஏசி என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

தூக்கம் பிடிக்காத ஓர் இரவு
சுவர் நெடுக உள்ளங்கையை வைத்துக்கொண்டு போனேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவது போல.
சூடு. சூடு. சூடு.
அலுமாரிக்கு இடப்பக்கம்
ஒரு பாய் அகலத்துக்கு மட்டும்
கையை எடுக்க மனம் வரவில்லை.

விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தேன்.
நேர் அந்த இடத்தில் அவர்களுடைய குளியலறை,
அதாவது அதில் மிஞ்சியது:
வெள்ளை டைல்ஸ் ஆறு வரிசை,
நடுவில் சவர்க்காரம் வைக்கும் குழி.
வெயில் அதில் முட்டி
வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

லயனல் பாஸ் சாந்தகப்பையோடு வந்தார்.
"இதைக் கொத்திட்டு மட்டமாப் பூசித் தாறேன்."
கொத்த வேண்டாம்,
மிச்சச் சுவரை இதைப்போல் ஆக்குங்கள் என்றேன்.
ஏணி எட்டிய வரைக்கும் சுண்ணாம்பு, மூன்று பூச்சு.
எட்டாத மேல்பாதிக்குக்
கூரையிலிருந்து தொங்கவிட்ட பச்சை வலை.
"சுவரோட ஒட்ட வேணாம். ஒரு சாண் விடுங்க,
காத்து மேல ஏறிப் போகணும்."
அந்த ஒரு சாணுக்குக் கம்பிச் செலவு வேறு.

காணிக்குக் காவலிருப்பவர் ஒன்றும் சொல்லவில்லை.
பதினாலு மாடி எழும்பினால்
நிழல் தன்பாட்டில் வரும் என்றார்.
காற்று?
அதைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நேற்று ஒன்பதரைக்குக் கை வைத்தேன்.
சூடுதான். ஆனால் பேசிக்கொண்டே
வைத்திருக்கக்கூடிய சூடு.
கட்டில் அரையடி திரும்பி வந்திருக்கிறது.

மாபோலையிலிருந்து ஃபரீனா போன் எடுத்தாள்,
அங்கே வெக்கை எப்படி என்று.
உன்னுடைய குளியலறை இன்னும் எங்களைப் பார்த்துக்கொள்கிறது என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டாள்,
குழியில் சவர்க்காரம் ஏதும் கிடந்ததா?