இன்னொரு வாளி

எபிஃபானியா,
ஒன்பதாம் நாள் செபம் முடிந்த கையோடு
உன் அண்ணன் ஃபிதென்சியோவின் நாலு சால் நிலமும்
ரத்தத்துக்குத்தான் என்றாய்.
நான் வாதாடவில்லை.
சோளத்துக்கு நடுவே தானாக முளைத்திருந்த
தக்காளிக் கன்று ஒன்றை
(பச்சை வகை, உறைக்குள் காய்ப்பது)
மண்ணோடு பெயர்த்து
உன் வீட்டுப் பன்றிக்கொழுப்பு வாளியில் வைத்து
மடியிலேயே கொண்டுவந்தேன்.
பேருந்து ஓட்டுநர் அதற்கும் அரை டிக்கெட் கேட்டான்.
கொடுத்தேன்.

நேசாவில் எனக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை.
மேலே மொட்டைமாடி.
கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, காலி கேஸ் சிலிண்டர்கள்,
யாருக்கும் சொந்தமில்லாமல்
எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் நாய் ஒன்று.
அமைச்சர் என்று அதற்குப் பெயர்.
அவர் அனுமதித்த மூலையில் வாளியை வைத்தேன்.

மழை பிடித்தது.
செடி வெறிகொண்டு வளர்ந்தது.
மஞ்சள் பூக்கள்,
தொண்டையில் ஐந்து கறைகளோடு,
திட்டுவதற்கு வாய் திறந்து
எதையோ நினைத்து நிறுத்திக்கொண்டவளைப் போல.
பகலெல்லாம் பள்ளிச் சீருடைக்கு ஜிப் தைத்துவிட்டு
இரவில் வந்து எண்ணுவேன்.
நாற்பத்தொன்று. இன்னொரு நாள் அறுபது.
காலையில் எல்லாம் தரையில் கிடக்கும்.

இரண்டே இரண்டு உறை கட்டின.
ஒரு வாரம் பொறுத்து
ஒன்றை விரலால் அழுத்தினேன்.
சொடக்.
உள்ளே காற்று.
அதுவரை யாரும் மூச்சிழுக்காத காற்று.
மற்றதை அழுத்த மனம் வரவில்லை.

முட்டை ஓடு போட்டேன், காபிச் சக்கை போட்டேன்,
புனித யூதா ததேயுவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.
கீழ்வீட்டு ரெஃபுஹியோ
துணி காயப்போட வந்தவள் சிரித்தாள்.
"ஒன்றை மட்டுமா வைத்தாய்?
தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது.
பக்கத்தில் வேறொன்று வேண்டும்."

உன்னிடம் கேட்டிருக்கலாம்.
உன் சாலில் நூறு கன்று நிற்கும்.
போன் கையில்தான் இருந்தது.
சந்தைக்குப் போனேன்.
கூடைக்கடியில் மிதிபட்டு
உறை கறுத்து நசுங்கிக் கிடந்ததை எடுத்தேன்.
"அது அழுகிப்போச்சும்மா," என்றான் கடைக்காரன்.
"தெரியும்," என்றேன்.
பெயின்ட் வாளியில் மண் நிரப்பி
அதைப் பிழிந்துவிட்டேன்.

யார் தோட்டத்துக் காயோ, எந்த மலைப்பக்கமோ.
அக்டோபரில்தான் பூத்தது.
அதற்குள் உன் வாளிச் செடி பாதி காய்ந்து
ஒரே ஒரு கிளையில் பிடிவாதமாய் நின்றது.
தேனீ வந்தது,
கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது.
எந்த வாளியிலிருந்து எந்த வாளிக்குப் போனது என்று
நான் பார்க்கவில்லை, தையல் வேலை.
அமைச்சர் பார்த்தார். குரைத்தார்.

மொத்தம் பதினொன்று.
சில, சட்டை கிழிய நிறைந்தன.
சில, அண்ணன் சட்டைக்குள் தம்பி மாதிரி
உள்ளே உருண்டன.
உரித்தேன்.
கையெல்லாம் அந்தப் பிசுபிசுப்பு,
நீ அறிவாய், எவ்வளவு கழுவியும் போகாதது.
தோசைக்கல்லில் கருக வாட்டி
பச்சைமிளகாயும் உப்பும் வைத்து நசுக்கி
நின்றபடியே மூன்று ரொட்டி தின்றேன்.
புளிப்பு. நல்ல புளிப்பு.
கண்ணில் வந்த நீர் மிளகாயால்.

சருகுகளை எறியவில்லை.
டிசம்பரில் நீ பணியாரத்துக்கு மாவு பிசைவாய்,
சருகு வேகவைத்த தண்ணீர் ஊற்றினால்தான்
உனக்கு மாவு உப்பும்.
உங்கள் பக்கம் இந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டதாமே,
சோளத்தோடு தக்காளியும் போனதாமே.
பதினொரு சருகு ஒரு கைப்பிடிகூட இல்லை.
பாதிதான் உப்பும்.
இருந்தாலும் காகிதப் பையில் போட்டு
அதே பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.
வாளியைத் திருப்பித் தரமாட்டேன்.
ஓட்டுநர் அரை டிக்கெட் கேட்பான்,
இந்த முறை நீ கொடு.