கத்தரிப்பூ நிறம்

மூத்திரத்தில் பெரிக் குளோரைடு, நாலு சொட்டு.
மாத்திரை உள்ளே போயிருந்தால்
கத்தரிப்பூ நிறம்.
போகாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.
மூன்று வருஷ நர்ஸ் படிப்பில் இதற்குப் பாடமில்லை.
லண்டனிலிருந்து வந்த டாக்டர்
ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்தார்:
"நோயாளியைக் கேட்காதே சிஸ்டர்.
குப்பியைக் கேள்."

அறுபத்தொன்று, அக்டோபர். மழை.
துறைமுகக் கூலி லைன் வரைக்கும்
சைக்கிள் கூடையில் குப்பிகள்
ஒன்றையொன்று தட்டிக்கொண்டே வரும்.

நூற்றுப் பதினேழு.
பெயர் மாயழகு. மூட்டை தூக்குபவர்.
இடது நுரையீரலில் ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை.
ஆராய்ச்சியில் சேர்த்த அன்று கட்டைவிரல் வைத்தார்,
மை காயுமுன் கேட்டார்:
"எனக்கு எந்த மருந்துன்னு யாரு முடிவு பண்றது?"
உறைக்குள் இருக்கும் சீட்டு, என்றேன்.
"அப்ப லாட்டரி."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

சீட்டில் விழுந்தது: தினம் ஓர் ஊசி, கூட மாத்திரை.
ஆறு மாதம், வியாழன்தோறும் கத்தரிப்பூ.
என் ஏட்டில் அவரைப்போல் ஒழுங்கானவர் கிடையாது.
படத்தில் மட்டும் ஓட்டை வளர்ந்தது.
டாக்டர் பென்சிலை உருட்டினார்.
கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது போலும்,
சுவாரசியமான கேஸ்.

அந்த வியாழன் இரண்டு மணி முந்திப் போனேன்.
பொதுக்குழாயடியில் மாயழகு,
ராத்திரி வேலை முடிந்து
தலை முழுக்கச் சோப்பு, கண்ணை மூடியபடி.
வீட்டு ஜன்னல் கட்டையில் குப்பி.
எடுத்தேன்.
சூடு.

உள்ளே பூவாயி
முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு
சத்தமில்லாமல் இருமினாள்.
பழகிய இருமல். நெடுநாள் பழக்கம்.
ரப்பர் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் வேலை அவளுக்கு,
நாளைக்கு ஒரு வெள்ளி எண்பது.
இருமல் கேட்டால் மண்டோர் அன்றைக்கே கணக்கு முடிப்பான்.

"பெரிய மாத்திரை. கசப்பு," என்றாள்.
"அவருதான் உடைச்சு
வாழப்பழத்துல வச்சுக் கொடுப்பாரு."
ஊசியைப் பங்குவைக்க முடியாது;
அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார்.
ஊசி மட்டும் தனியே போனால்
கிருமி அதற்குப் பழகிவிடும்.
இது எங்களுக்குப் பாடத்தில் உண்டு.
பரீட்சையில் நான் சரியாக எழுதிய கேள்வி.

படிவத்தில் இரண்டு கட்டம்:
உட்கொண்டார். உட்கொள்ளவில்லை.
கொடுத்தார் என்று கட்டம் இல்லை.
மழைத்தாரைக்குக் கீழே நின்று
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.

டாக்டர் கோபப்படவில்லை.
நூற்றுப் பதினேழின் மேல் ஸ்கேல் வைத்து
நேராக ஒரு கோடு.
பிறகு வெறும் மாயழகு என்ற பெயருக்கு
வேறு மருந்து எழுதினார். விலை கூடுதல், குமட்டும்.
"மனைவியைக் கூட்டி வா," என்றார், தலை நிமிராமல்.

மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன்.
நாலாவது தடவை வந்தாள், வேலைச் சட்டையோடு,
அரை நாள் சம்பளம் போச்சு என்று சொல்லிக்கொண்டே.

எக்ஸ்ரே அறையில் தாலியைக் கழற்றச் சொன்னேன்.
மாட்டேன் என்றாள்.
நெஞ்சில் கிடந்தால் படத்தில் விழும்,
முதுகுப்பக்கம் தள்ளினாலும் விழும்.
யோசித்தாள்.
எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."
பிடித்தாள்.
இயந்திரம் ஒரு தரம் உறுமி நின்றது.
பிலிமை உருவிக்கொண்டு
வாசல் வரைக்கும் போய்விட்டேன்.
திரும்பிப் பார்த்தால்
பல்லில் தாலியோடு, கண் பிதுங்க
இன்னும் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.

விடுங்க என்று நான் சொல்லவே இல்லை.