பில் புத்தகத்தின் பின்மட்டை

டிலக்சி ஏழு பெட்டி கீறினாள்,
பில் புத்தகத்தின் பின்மட்டையில்.
முகப்பு. எங்களைப் பற்றி. வேலைகள். விலை.
படங்கள். கேள்வி பதில். தொடர்பு.
"பெட்டிக்கு ஒரு பக்கம், அண்ணை.
எதில என்ன போடுறதெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

வெளியே, மாங்குளத்து வெயிலில்
மெசினைக் கழுவிக்கொண்டிருந்தான் பவானந்தன்.
சிவப்புத் தண்ணி றோட்டோரம் ஓடியது.

முகப்பு லேசு:
குழாய்க்கிணறு அடித்துக் கொடுக்கப்படும்.
அதற்கு மேலே சிரிக்கிற குடும்பம் ஒன்று வேணுமாம் அவளுக்கு.
தண்ணி வந்த நேரம்
ஒருவரும் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.
வாய் திறந்தால் சேறு அடிக்கும்.

விலையில் இறுகி நின்றோம்.
அடிக்கு இவ்வளவு என்று எழுதலாம்.
நெல்லு வெட்டினபிறகு தாறன் என்கிறவருக்கு
எந்தப் பெட்டி?
"அதைப் போனில கதையுங்கோ."
குறுக்கே ஒரு கோடு.

படமெல்லாம் ஒரே குழாய், ஒரே மண்.
நெடுங்கேணியா கனகராயன்குளமா,
அடித்த எனக்கே தெரியவில்லை.
இன்னொரு கோடு.

"எந்த வருசம் தொடங்கினது?"
ரெண்டாயிரத்து நாலு என்றேன்.
பதினொண்டு என்றான் பவானந்தன், வெளியே நின்றபடி.
முதல் மெசின் நாலில்.
இந்த மெசின் பதினொண்டில்.
முதல் மெசின் எங்கே என்று அவள் கேட்கவில்லை.
அவளும் அந்தப் பாதையால் வந்தவள்தான், ஏழு வயதில்.
பேனையை மூடினாள், திறந்தாள்.
"வருசம் போடாமலும் விடலாம்."

கேள்வி பதிலில்தான் எனக்கு வாய் வந்தது.
எத்தனை அடியில் தண்ணி?
தெரியாது.
கருங்கல் வந்தால்?
நேரம் கூட. காசும் கூட.
தண்ணியே வராவிட்டால்?
அடித்த அடிக்குக் காசு.
உவராக வந்தால்?
மண்ணிடம் கேளுங்கோ.
தேங்காய் எழும்பின இடத்திலா அடிப்பீங்கள்?
நீங்கள் காட்டுகிற இடத்தில்.
மிதிவெடி எடுத்த காணி என்ற கடிதம் வேணுமா?
ஓம். மெசின் இறக்கமுதல்.

அவள் எழுதுகிற கை நின்றது.
"அண்ணை, இதையே முகப்பில போடுவம்.
கீழ போன் நம்பர். வேற ஒண்டும் வேண்டாம்."
வேலைகளையும் வெட்டினாள்.

எங்களைப் பற்றி மட்டும்
வெட்டுப்படவும் இல்லை, நிரம்பவும் இல்லை.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால்
அந்தப் பெட்டிக்குள்
ஈரக் கையால் எழுதியிருக்கிறான் பவானந்தன்:
டீசல் நாற்பது லீற்றர்,
கடைக்குப் பாக்கி.